பொனிபஸின் துவக்கு

வேட்டைக்காரனின் குருதி ஏழு தலைமுறைக்கு உறங்காது. கடல் கடந்தாலும், கண்டம் மாறினாலும், ஒரு நாள் அது நரம்பில் எழுந்து தன் ஆயுதத்தைக் கேட்டே தீரும். இது பொனிபஸின் சித்தாந்தம். அவருடைய குருதி, மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில், அவரது அறுபத்திரண்டாவது வயதில், நாலு கத்தரிக் கன்றை ஒரு முயல் தின்றுவிட்டுப் போன காலையில் எழுந்தது.

அதற்கு முந்திய தலைமுறையில் எழுந்ததற்குச் சான்று குறைவு. தகப்பனார் மன்னாரில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். ஒருமுறை அயலவரிடம் துவக்கை இரவல் வாங்கி ஒரு காகத்துக்கு வெடி வைத்தார். காகம் அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வீட்டுக் கூரைக்கு வந்துபோனதாக மேரிறோஸ் சொல்வார். மேரிறோஸ் பொனிபஸின் மனைவி. மாமனாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவருக்கு வேறு கதைகள் உண்டு.

பொனிபஸுக்குப் பெருமை இரண்டு. வேட்டைப் பரம்பரை ஒன்று. அதை அவரே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றது பக்தி. அதை மேரிறோஸ் சொல்வார், பிறந்தநாள் வீடு, செத்தவீடு, எங்கே நாலு பேர் கூடினாலும்.

"எண்பத்தாறு, ஆவணி. மடு மாதா கோயில் திருவிழா. பெடியள் எல்லாம் பெட்டையளைப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். இந்த மனுசன் மட்டும் எனக்கு நேர முன்னாலை ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நிக்குது. முகமெல்லாம் சுருங்கி, அவ்வளவு உருக்கம். நான் பெரியம்மாவைச் சுரண்டிக் காட்டினனான், பாருங்கோ இந்த வயசிலை ஒரு பக்தி எண்டு."

அந்த உருக்கம் எட்டு மாதத்தில் கலியாணமாக முடிந்தது. கதை சொல்லப்படும்போதெல்லாம் பொனிபஸ் தலையைக் குனிந்துகொள்வார். தாழ்மையும் பக்தியின் பங்குதானே என்று கேட்பவர்கள் நினைப்பார்கள்.

இப்போது அந்தக் கதையைச் சொல்ல வெரிபீயில் ஆள் இல்லை. மகள் பிறின்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததென்று மேரிறோஸ் சிட்னிக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கென்று போனவர். முதலில் பிள்ளைக்குச் சளி. பிறகு பிறின்சி வேலைக்குத் திரும்பினாள். பிறகு பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறகு காரணம் சொல்வதே நின்றுபோயிற்று.

"நீங்களும் வாங்கோவன் அப்பா, எங்கட செவன் ஹில்ஸ் வீட்டிலை என்ன இடமோ இல்லை" என்று பிறின்சி ஒருதரம் கேட்டாள்.

"மருமகன் வீட்டிலை பாய் விரிக்கிற பழக்கம் எங்கட பரம்பரையிலை இல்லை" என்று பொனிபஸ் சொன்னார். மருமகன் எறிக் அப்போது போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு யாரும் கேட்கவில்லை. பொனிபஸும் மனைவியைத் திரும்பி வரச்சொல்லிக் கேட்கவில்லை. கேட்டு வருவதல்ல மனைவி, தானாக வர வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சித்தாந்தம்.

தினமும் பின்னேரம் ஆறு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம்."

"என்ன?"

"சோறும் சொதியும்."

"சரி, பிள்ளை அழுகுது, வைக்கிறன்."

பொனிபஸ் இருபத்தாறு வருஷம் மெத்தை செய்யும் தொழிற்சாலையில் ஸ்பிரிங் பூட்டியவர். தொழிற்சாலை மூடியபோது அவருக்கும் ஒரு மெத்தை கொடுத்து அனுப்பினார்கள். இருவர் படுக்கும் மெத்தை. இப்போது அதன் இடது பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. காலையில் எழும்பி, குசினியில் பாண் துண்டை வாட்டி, தேத்தண்ணியோடு பின்பக்கம் போய்க் கத்தரியைப் பார்ப்பது, மிளகாயைப் பார்ப்பது, வேலிக்கு அப்பால் வெறுங்காணியில் காற்று புல்லைச் சாய்ப்பதைப் பார்ப்பது. பதினொரு மணிக்கு அரைப் பேணி அரிசி. எவ்வளவு கவனமாக அளந்தாலும் சோறு மிஞ்சும். இப்படி ஒரு காலையில்தான் கன்றுகள் இருந்த இடத்தில் நாலு குச்சிகள் நின்றன.

அந்தச் சனிக்கிழமையே துவக்குக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் றொன் எழுபதை நெருங்கியவர். கம்பளிச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ற். பொனிபஸ் தம் ஆங்கிலத்தில் கத்தரி, முயல், பரம்பரை என்ற வரிசையில் விளக்கினார். றொன் கேட்டுவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். சொன்னார்.

"வீட்டு வளவிலை சுட்டால் முயலுக்கு முதல் நீதான் கூட்டுக்குள்ளை போவாய், மேற்" என்றார் றொன், ஆங்கிலத்தில். நண்பா என்பதற்கு அங்கே எல்லோரும் மேற்.

சட்டம் இப்படி இருந்தது. லைசென்ஸ் வேண்டும். அதற்கொரு பாதுகாப்பு வகுப்பு. அதற்குப் பிறகு துவக்கை வாங்கத் தனியாக ஒரு கொள்வனவு அனுமதி. துவக்கை வைக்கச் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி. சுட்டுக்கொள்ள அனுமதி தரும் ஒரு பண்ணைக்காரரின் கடிதம். ஆக, அவருடைய கத்தரியைத் தின்ற முயலைச் சுட அவருக்கு உரிமை இல்லை. நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால், முன்பின் தெரியாத ஒருவரின் காணியில், ஒரு குற்றமும் செய்யாத முயலைச் சுடலாம். பொனிபஸ் சற்று யோசித்தார். ஆனால் குருதி எழும்பிவிட்டது. தவிர, றொன் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொல்லியிருந்தார். அவருக்கு யாரும் கதிரை தந்து கன நாள்.

லைசென்ஸும் அனுமதியும் வருவதற்கு முன் துவக்கைத் தொட றொன் விடமாட்டார். கண்ணாடிக்கு அப்பால் காட்டி விளக்குவார். அதனால் தெரிவு மட்டும் நடந்தது. அது பதினொரு சனிக்கிழமை நடந்தது.

துவக்கின் பெயர் அதன் குழல் அளவு. சாதாரண இருபத்திரண்டு. சத்தம் குறைவு, தோட்டா மலிவு, ஐம்பது அறுபது மீற்றருக்குள் முயலுக்குத் தாராளமாகப் போதும். இருபத்திரண்டு மக்னம், அதைவிடத் தூரம் போகும், நரியையும் விழுத்தும். பதினேழு இருக்கிறதே, அது நூல் பிடித்த மாதிரி நேரே போகும், ஆனால் குண்டு சின்னது, காற்று அதைத் தள்ளிவிடும். பட்டாலும் இறைச்சியைச் சிதைத்துவிடும். பொனிபஸ் குறிப்பெழுத ஒரு கொப்பி வாங்கினார். முதல் சனி இருபத்திரண்டுக்குச் சாய்ந்தார். இரண்டாம் சனி வெரிபீயில் நரியும் உண்டென்று நினைவு வந்து மக்னத்துக்குப் போனார். மூன்றாம் சனி பதினேழின் மேல் மோகம். நாலாம் சனி கடைக்கு வெளியே கொடி படபடத்ததைக் கண்டு பதினேழைக் கைவிட்டார். பிறகு மரப்பிடியா பிளாஸ்ரிக் பிடியா என்பது மூன்று சனிக்கிழமைகளைத் தின்றது.

"உனக்கு இருபத்திரண்டே போதும், பொனி" என்று றொன் ஒவ்வொரு சனியும் சொன்னார். இரண்டாம் சனியிலிருந்து பொனிபஸ், பொனி ஆகிவிட்டார்.

"ஆலோசிக்க வேணும், றொன். இது வாழ்க்கையிலை ஒருக்கால் எடுக்கிற முடிவு."

"அப்ப அடுத்த சனி?"

"அடுத்த சனி."

பாதுகாப்பு வகுப்பில் முப்பது கேள்விக்கு இருபத்தொன்பது சரி. கையில் தந்தது வெறும் மாதிரித் துவக்கு. எப்படிப் பிடிப்பது, எப்படிக் கொடுப்பது என்பதோடு சரி, சுடச் சொல்லவில்லை. பக்கஸ் மார்ஷ் பக்கம் ஒரு பண்ணைக்காரர் கடிதம் எழுதித் தந்தார். இரும்புப் பெட்டியும் வந்து, கராஜ் சுவரில் நாலு போல்ற்றில் ஏறிற்று. மேரிறோசுக்கு ஒன்றும் சொல்லவில்லை. துவக்கோடு நின்று ஒரு படம் அனுப்பினால் போதும், அதற்குப் பிறகு போன் நாலு வார்த்தையில் முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் யாருக்காவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. 'வெரிபீ தமிழர்' வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலை இப்படி எழுதினார்:

"அன்பர்களே, வைகாசியில் துவக்கு எடுக்க உத்தேசம். அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை வரவேற்கப்படும்."

இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர் கேக் படம் போட்டார்.

பக்கத்து வீட்டு வெங்கட்ராமன் கும்பகோணத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்பவர். மத்தியானம் வேலியருகே வந்து கையை நீட்டினார்.

"வாழ்த்துகள் அங்கிள். மெசேஜ் பார்த்தேன். என்ன துவக்கப் போறீங்க? மளிகைக் கடையா?"

"கடையோ? இல்லை, துவக்கு."

"அதான், எதைத் துவக்கப் போறீங்க?"

"துவக்கை ஏன் தம்பி துவக்க வேணும்? துவக்கு, துவக்கு. டுமீல்." பொனிபஸ் கையிலிருந்த கத்தரிக்கோலைத் தோளில் வைத்துக் காட்டினார்.

வெங்கட்ராமனின் கை மெல்ல இறங்கிற்று. "துப்பாக்கியா?"

"ஓம். நீங்கள் அப்பிடிச் சொல்லுவியள்."

"எதுக்கு அங்கிள்?"

முயல் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கும்பகோணத்து வெங்கட்ராமனுக்கு முன்னால் முயல் என்பது சிறிய சொல்லாகப் பட்டது. பொனிபஸ் வெறுங்காணியைப் பார்த்தார். காற்று அடித்தது.

"பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டன் வெங்கட். இனி ஏலாது. ஒரு முடிவு கட்ட வேணும்."

அப்படியே உள்ளே போய்விட்டார். சொதி அடுப்பில் இருந்தது.

வெங்கட்ராமனும் உள்ளே போய் மனைவி விஜயாவிடம் சொன்னார். விஜயா கேட்டுக்கொண்டே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பதினாலு மாசமா தன்னந்தனியா இருக்கற மனுஷன் துப்பாக்கி வாங்கறேன், முடிவு கட்டணும்ங்கறார். நீங்க பாட்டுக்கு வாழ்த்துகள்னு சொல்லிட்டு வர்றீங்க. அவங்க பொண்ணு நம்பர் இருக்குல்ல? எடுங்க."

அன்று ஆறு மணிக்குப் போன் வரவில்லை. பொனிபஸ் ஆறரை வரை போனைக் கையில் வைத்திருந்தார். பிறகு தாமே அடித்துப் பார்த்தார். மணி அடித்து நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சோற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. மேரிறோஸ் இறங்கினார். கையில் ஒரு சின்னப் பை மட்டும். பிள்ளை கக்கிய சத்தி காய்ந்த தோளோடேயே வந்திருந்தார், உடுப்பு மாற்றவில்லை.

பொனிபஸ் அகப்பையோடு வாசலுக்கு வந்தார். தானாக வந்துவிட்டார். சித்தாந்தம் வென்றது.

"என்ன மேரி, சொல்லாமல் கொள்ளாமல்? அரிசி கொஞ்சம் போட்டிருப்பனே."

மேரிறோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தைத் தொட்டுப் பார்த்தார். "மெலிஞ்சு போனியள்" என்றார். பிறகு உள்ளே போய் அறை அறையாக நடந்தார். அலுமாரியைத் திறந்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்தார். பொனிபஸ் பின்னாலேயே போனார்.

"என்ன தேடுறீர்?"

மேரிறோஸ் கராஜ் கதவைத் திறந்தார். சுவரில் அந்த இரும்புப் பெட்டி, அவர் உயரத்துக்கு. மேரிறோஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"திறப்பைத் தாங்கோ."

"அது வந்து, சட்டப்படி மற்ற ஆக்களிட்டைக் குடுக்கக்கூடாது..."

"திறப்பைத் தாங்கோ எண்டு சொல்லுறன்!"

முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்தார். மேரிறோசின் கையில் திறப்பு இரண்டுமுறை வழுக்கியது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கதவை இழுத்தார்.

உள்ளே மேல் தட்டில், தினசரித் தாளில் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் பையில் கட்டி, ஒன்றரைக் கிலோ கட்டாக் கருவாடு இருந்தது. வேறொன்றும் இல்லை.

மணம் வெளியே வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

"என்ன இது?"

"மன்னாரிலை இருந்து வந்த பெடியன் ஒருவன் கொண்டு வந்து தந்தவன். வெங்கட் ஆக்கள் சைவம். வெளியிலை வைச்சால் விஜயா யன்னலைப் பூட்டுது. இந்தப் பெட்டி நல்ல இறுக்கம். காத்துப் போகாது."

"துவக்கு எங்கை?"

"இன்னும் தெரிவு செய்யேல்லை."

மேரிறோஸ் கராஜ் நிலத்திலேயே இருந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பொனிபஸுக்கு விளங்கவில்லை. தோள் குலுங்கியது. அவர் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார், பதினொரு சனிக்கிழமை, கோடு போட்டு மூன்று பத்தி. மேரிறோஸ் அதைப் புரட்டினார்.

"முயலுக்கோ?"

"பின்னை ஆருக்கு?"

மேரிறோஸ் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "வெங்கட் தம்பி பிறின்சிக்குப் போன் அடிச்சவர்" என்றார். "நீங்கள் முடிவு கட்டப் போறன் எண்டு சொன்னியளாம்."

பொனிபஸுக்கு அப்போதுதான் ஏறிற்று. வேலியருகே தாம் நின்ற விதம், வெறுங்காணி, காற்று, எல்லாம் வெங்கட்ராமனின் கண்ணால் ஒருமுறை தெரிந்தது. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பெட்டிக் கதவைச் சாத்தி, அது சாத்தியிருக்கிறதா என்று இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.

"நான் அப்பிடிப்பட்ட ஆளே, மேரி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தான் போனிலை சோறும் சொதியும் எண்டதுக்கு மேலை ஒண்டும் சொல்லுறேல்லையே."

அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தார் மேரிறோஸ். கத்தரிக்காய் இல்லாமல். விஜயா வீட்டு யன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுப்படும் சத்தம் கேட்டது. பொனிபஸ் மூன்றுமுறை சோறு போட்டுச் சாப்பிட்டார். சட்டியில் சோறு மிஞ்சவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை. ஞாயிறு பூசைக்குப் போனார்கள். அங்கே இரண்டு பேருக்கு மடுக் கதை சொல்லப்பட்டது, பொனிபஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை மேரிறோஸ் பையைக் கட்டினார். பிறின்சி மூன்று நாள் லீவு போட்டிருந்தாள், அதற்கு மேல் தரமாட்டார்களாம்.

"என்னோடை வாறியளோ?" என்று கேட்டார், பையின் சிப்பைப் பார்த்துக்கொண்டு.

"எப்பிடி வாறது? துவக்கு அலுவல் பாதியிலை கிடக்கு."

மேரிறோஸ் சிப்பை இழுத்து மூடினார். "சரி. போட்டு வாறன்."

கார் வளைவில் திரும்பும்வரை பொனிபஸ் வாசலில் நின்றார். தாம் சொன்னது பிழை என்பது கார் திரும்பு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் அறுபத்திரண்டு வயதில் ஒருவர் தெருவில் காருக்குப் பின்னால் ஓடினால் எப்படி இருக்கும்? முழங்காலும் சரியில்லை. உள்ளே போனார். வீடெல்லாம் கருவாட்டு மணம். வியாழன் வரைக்கும் யன்னலைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தபாலில், லைசென்ஸுக்குப் பின்னால் வரவேண்டியிருந்த கொள்வனவு அனுமதியும் வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை றொன் இரண்டு தாளையும் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போன சனி உன்னைக் காணேல்லை, பொனி. நான் யோசிச்சன்" என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மரப்பிடி போட்ட சாதாரண இருபத்திரண்டை வெளியே எடுத்து, வெறுமையாக இருக்கிறதென்று காட்டி, இரு கைகளாலும் நீட்டினார்.

நினைத்ததைவிடப் பாரம் குறைவு. பொனிபஸ் அதைத் தோளில் வைத்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தச் சுவரிலை இருக்கிற நரித் தலையைப் பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு."

பொனிபஸ் இடது கண்ணை மூடினார். கடை இருண்டது. திறந்தார். வலது கண்ணை மூடினார். கடை இருண்டது. முகத்தை நெரித்து, வாயைக் கோணி, தாடையை இறுக்கி இன்னொருமுறை மூடினார். நரி இல்லை, றொன் இல்லை, ஒன்றுமில்லை. பெப்பர்மின்ற் மணம் மட்டும் வந்தது. அந்த இருட்டில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றார்.

"சுகமா இருக்கிறியா, மேற்?"

"ஓம்" என்றார் பொனிபஸ், தமிழில். துவக்கைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் ஆலோசிக்க வேணும், றொன்."

றொன் துவக்கைத் துணியால் துடைத்து உள்ளே வைத்தார். "அப்ப அடுத்த சனி?"

பொனிபஸ் வாயைத் திறந்தார். ஸ்ரூலைப் பார்த்தார். "இல்லை" என்றார். "வெளியூருக்குப் போகவேண்டி வரும்போலை இருக்கு."

காருக்குள் வந்து இருந்து சிட்னிக்குப் போன் அடித்தார். மத்தியானம். இது போன் அடிக்கும் நேரமல்ல.

"ஐயோ, என்ன?" என்றார் மேரிறோஸ். பின்னால் பிள்ளை அழுதது.

"ஒண்டுமில்லை. கடையாலை வாறன்."

"வாங்கியாச்சோ?"

"இல்லை."

"ஏன், மரப்பிடியோ பிளாஸ்ரிக்கோ?"

"அதில்லை." பொனிபஸ் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "மேரி, எறிக் வீட்டிலை எனக்குப் படுக்க இடம் இருக்குமோ?"

பிள்ளையின் அழுகை நின்றது. மேரிறோஸ் அதைத் தோளில் போட்டிருக்க வேண்டும்.

"பிள்ளைகளின்ரை அறைதான். நிலத்திலை மெத்தை."

"மெத்தை காணும். வேறென்ன வேணும்?"

"பிறகு உங்கட துவக்கு?"

"அது சரிவராது. குறி வைக்க ஒரு கண்ணை மூட வேணும். எனக்கு ஒண்டை மூடினால் ரெண்டும் மூடுது."

"எப்ப இருந்து? டொக்டரிட்டைக் காட்டேல்லையோ?"

"வருத்தம் நோய் ஒண்டும் இல்லை மேரி. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான்."

கார்க் கண்ணாடிக்கு வெளியே கொடி படபடத்தது. பொனிபஸ் போன் வெட்டுப்பட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். வெட்டுப்படவில்லை.

"அப்ப மடுவிலை?" என்றார் மேரிறோஸ்.

மடுவில் அவர் கும்பிடவில்லை. கண்ணடித்தார்.